ஏறும் கொடியா, படரும் கொடியா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பூசணியிலும் பாகலைப் போலவே சுருள் சுருளாகப் பற்றுக்கம்பி வருகிறது. அப்புறம் ஏன் அதைத் தரையில் விடுகிறோம்?

ஏறத் தெரிந்த கொடிதான். காயின் எடைக்குப் பயந்துதான் தரையில் விடுகிறோம். அதில் ஒரு நன்மையும் உண்டு: மண்ணைத் தொடும் கணுக்களில் வேர் இறங்கி, கொடிக்குக் கூடுதலாகத் தண்ணீரும் சத்தும் எடுத்துத் தரும். ஆகவே களை எடுக்கும்போது கொடியைத் தூக்கிப் புரட்டிவிடாதீர்கள். சிறிய காய் ரகமென்றால் பந்தலிலும் ஏற்றலாம்; காயைத் தாங்க வலை கட்டிவிடுங்கள்.

வல்லாரைக்குக் குச்சி நட்டு ஏற்றலாமா?

வேண்டாம். அதற்குப் பற்றுக்கம்பி கிடையாது, தண்டும் எதையும் சுற்றாது. கணு ஈரமண்ணில் பட்டு வேர்விட்டால்தான் அங்கே புதுச்செடி வரும். வாய் அகன்ற தொட்டி போதும்.

மாடியில் தடிமனான மூங்கில் நட்டேன். அவரை ஏறிவிட்டது, பாகல் சரிந்து கிடக்கிறதே?

அவரையும் சங்குப்பூவும் தண்டையே கம்பத்தில் சுற்றி ஏறுபவை. பாகல், பீர்க்கு, புடலை ஆகியவற்றுக்குப் பற்றுக்கம்பிதான் பிடிமானம். மெல்லிய இழை தடித்த மூங்கிலை எப்படி வளைக்கும்? கயிறோ வலையோ கட்டுங்கள், தானாக ஏறிவிடும். நம் மாநில மலரான செங்காந்தளுக்கும் இதே கதைதான். அதற்கு இலை நுனியே சுருண்டு பிடித்துக்கொள்ளும், மெல்லிய குச்சி வேண்டும்.

புடலையைத் தரையில் படரவிட்டால் காய்க்காதா?

காய்க்கும். ஆனால் காய் வளைந்து கோணிப்போகும், மண் பட்டு அழுகும். பந்தலில் தொங்கினால் நீளமாக இறங்கும். நேராக வர, பிஞ்சின் நுனியில் சிறு கல் கட்டுவது நம்மூர் வழக்கம்.

ஏற்காட்டில் சில்வர் ஓக் மரத்தில் மிளகு ஏற்றியிருக்கிறோம். அடியில் கிளம்பித் தரையில் ஓடும் கொடிகள் காய்ப்பதே இல்லை. வெட்டிவிடலாமா?

அவசரப்படாதீர்கள், நல்ல கேள்வி இது. மிளகில் ஒரே செடி ஏறவும் செய்யும், படரவும் செய்யும். மரத்தில் ஏறும் தண்டு கணுவேர்களால் பட்டையைப் பற்றிக்கொள்ளும். அதிலிருந்து பக்கவாட்டில் வரும் கிளைகளில்தான் சரம் பிடிக்கும். அடியிலிருந்து கிளம்பும் ஓடுகொடி காய்க்காது, ஆனால் அதுதான் உங்கள் நாற்று. நன்றாகக் காய்க்கும் கொடியின் ஓடுகொடிகளை மண்ணில் வேர்விடாதபடி அடியில் ஒரு குச்சி நட்டுச் சுருட்டி வையுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் வெட்டி, இலைகளை நீக்கி, இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாகப் பையில் நடுங்கள். ஜூன், ஜூலை மழையில் தோட்டத்துக்கு மாற்றலாம். காய்ப்புக் குறைந்த கொடியில் வரும் ஓடுகொடிகளை மட்டும் வெட்டி எறியுங்கள்.