இலக்கியத்தையும் வரலாற்றையும் சேர்த்துப் படிப்பதில் பயன் உண்டா? கதையைச் சான்றாக ஏற்பார்களா?

நீங்கள் எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்துவிட்டு எந்தத் துறைக்கு விண்ணப்பிப்பது என்று குழம்பிக்கொண்டிருக்கிறீர்கள் என நினைக்கிறேன். "இதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவே?" என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். வேலை விஷயத்தை வேறு யாராவது சொல்லட்டும். கதை சான்றாகுமா என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இருக்கிறது. அதற்காக ஓர் ஆண்டு தூக்கம் கெட்டிருக்கிறேன்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரி. 1948 ஜூன் 16 அன்று இங்கே மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுடப்பட்டார்கள், அதையடுத்து நாட்டில் அவசரகாலம் வந்தது. அந்த ஒரு நாளுக்காகத்தான் வரலாற்றுப் பாடத்தில் எங்கள் ஊர்ப் பெயர் வரும். ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடப் போனவர்களைப் பற்றிப் பள்ளியில் யாரும் எனக்குச் சொன்னதில்லை, வீட்டில்தான் கேட்டேன்.

கடைசி ஆண்டு ஆய்வேட்டுக்கு அதையே எடுத்துக்கொண்டேன். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதையை 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று ஆசை காட்டித் தோட்டத்து ஆட்களைக் கூட்டிப்போனார்கள். ஆள் போதாதபோது லாரியில் பிடித்துப் போட்டுக்கொண்டு போனார்கள். காலராவிலும் பசியிலும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். நான் பார்த்த ஆவணங்களில் எண்கள் இருந்தன, பெயர்கள் இல்லை. அதனால் பாட்டியிடம் போனேன்.

பாட்டியின் அண்ணன் பதினேழு வயதில் போனவர், திரும்பவில்லை. "அண்ணன் ரப்பர் பால் எடுத்துக்கிட்டு இருந்துச்சு. லாரி வந்துச்சு. வாளிய இறக்கி வைக்கக்கூட விடல. ஏறுறப்போ இடுப்புல இருந்த கத்திய உருவி என் பக்கம் வீசி, 'அம்மாகிட்டக் குடு'ன்னுச்சு." இதைச் சொல்லும்போதெல்லாம் பாட்டி மடியை இரு கையாலும் விரித்து, கத்தியைப் பாவாடையில் ஏந்தியதைச் செய்து காட்டுவார். ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே இதை வைத்தேன்.

அப்புறம் ஒருநாள் நூலகத்தில் அறுபதுகளின் தமிழ் நாளிதழ் ஞாயிறு பதிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சிறுகதை கண்ணில் பட்டது. லாரி, கத்தி, தங்கையின் பாவாடை, "அம்மாகிட்டக் கொடு". அத்தனையும் அதில் இருந்தன. எனக்குக் கை நடுங்கிவிட்டது. மேற்பார்வையாளரிடம் காட்டினேன். "கதையையும் எடுத்துவிடு, பாட்டியையும் எடுத்துவிடு" என்றார்.

அந்த வாரமே பஸ் ஏறி ஊருக்கு வந்தேன். பாட்டியின் அடையாள அட்டையைப் பார்த்தேன். பிறந்த ஆண்டு 1938. அண்ணன் போனது 1943இல். ஐந்து வயது! பாட்டி முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் கை நின்றுவிட்டது. "அண்ணன் போனப்ப நான் ஆயாக் கொட்டாயில, தோட்டத்துப் பிள்ளைங்களப் பாத்துக்குற எடத்துல, தூங்கிட்டு இருந்தேன்டி. யாரும் ஒண்ணும் சொல்லல. உங்க தாத்தாதான் பேப்பர்ல வந்தத படிச்சுக் காட்டினாரு. இப்படித்தான் போயிருக்கும்னு வச்சுக்கிட்டேன்."

பாட்டியை நான் எடுக்கவில்லை. 1943க்குச் சான்றாக வைத்திருந்ததை அறுபதுகளுக்குச் சான்றாக மாற்றி எழுதினேன். எங்கள் வீட்டுக்குக் கடிதம் வரவில்லை, இறப்புப் பத்திரம் வரவில்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில், அதே பாதை வேலையில் மாண்ட ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் இருக்கிறார்கள். பாட்டியின் அண்ணனுக்கு எங்கேயும் ஒரு கல் கிடையாது. அவர் விடைபெற்றுப் போனார் என்று சொல்ல அந்தக் குடும்பத்துக்கு இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கதை மட்டும்தான். கோப்புகளை மட்டும் படித்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

வரலாற்றுத் துறைக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். கதையில் வருவதெல்லாம் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கும் எண்ணிக்கைக்கும் ஆவணத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலையும் பக்கத்தில் ஆவணங்களை வைத்துக்கொண்டுதான் படித்தேன். ஆனால் கதையைத் தொடவே கூடாது என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் மனசு ஆறவில்லை. இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் பத்துப் பாடம்தான் எடுக்கலாம் என்று 2009இல் அறிவித்தார்கள். தமிழும் தமிழ் இலக்கியமும் எடுக்க முடியாமல் போகும் என்று எதிர்ப்பு வந்த பிறகுதான் பன்னிரண்டாயிற்று. எங்கள் இடைநிலைப்பள்ளியிலோ தமிழ் இலக்கியத்துக்கு நேர அட்டவணையில் இடமே இல்லை. ஓர் ஆசிரியர் சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் எங்கள் ஒன்பது பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். வந்துபோகும் பெட்ரோல் காசுகூட அவருடையதுதான். அவர் இல்லையென்றால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

சரி, உங்களுக்கு வருகிறேன். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இருக்கிறது, வரலாற்றுத் துறையும் உண்டு. ஒன்றில் சேர்ந்துகொண்டு மற்றதில் பாடம் எடுக்க விடுவார்களா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த விடுமுறையிலேயே உட்கார்ந்து பேசிப் பதிவு செய்யுங்கள். முதலில் பிறந்த ஆண்டைக் கேளுங்கள். கதையை முழுக்கக் கேட்டு முடித்த பிறகு, அதை யாராவது படித்துக் காட்டினார்களா என்றும் கேளுங்கள்.