மருமகளின் தட்டைத் தனியாக வைக்கலாமா?

கேள்வி: என் மருமகளுக்கு இது ஐந்தாம் மாதம். ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. அவளுக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லை. பயத்தில் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துவிட்டேன். தினமும் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுக்கிறேன். குழந்தைக்கும் தொற்றுமா? தாய்ப்பால் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: அம்மா, முதலில் அந்தத் தட்டையும் டம்ளரையும் எல்லோருடையதோடும் சேர்த்து வையுங்கள். வடசென்னையில் இத்தனை வருஷமாகப் பிரசவம் பார்க்கிறேன்; என்னிடம் வரும் பெண்கள் நோயை நினைத்து அழுவதைவிடத் தனித்தட்டை நினைத்துத்தான் அதிகம் அழுகிறார்கள். கல்லீரலைத் தாக்கும் இந்தக் கிருமி ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாகப் பரவும். சேர்ந்து சாப்பிட்டால் வராது. பிளேடு, டூத் பிரஷ், நகவெட்டி மட்டும் அவரவருக்குத் தனியாக இருக்கட்டும். காய்ந்த ரத்தத்தில்கூட இது ஏழு நாளாவது உயிரோடு இருக்கும்.

'எப்படி வந்தது?' என்று அவளைத் துருவாதீர்கள். பிறக்கும்போதோ சின்ன வயதிலோ தொற்றி, எந்த அறிகுறியும் இல்லாமல் கல்லீரலில் கிருமி தங்கிவிட்டவர்கள் நம்மிடையே நிறைய பேர்.

குழந்தை விஷயத்தில்தான் உங்கள் கவனமெல்லாம் வேண்டும். பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் அது நிரந்தரமாகத் தங்கும். பிறக்கும்போது தொற்றினால் சுமார் 90 பேருக்குத் தங்கிவிடும். அதனால் பிறந்த 12 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஒரு தொடையில் தடுப்பூசியும் மறு தொடையில் ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்பொருள்) ஊசியும் போட வேண்டும். இந்த இரண்டாவது ஊசி எல்லா ஆஸ்பத்திரியிலும் கையிருப்பில் இருக்காது. வலி எடுத்த பிறகு ராத்திரியில் தேடி அலைய முடியாது, இப்போதே கேட்டு உறுதி செய்யுங்கள். அப்புறம் 6, 10, 14 வாரங்களில் இந்தத் தடுப்பூசியும் சேர்ந்த வழக்கமான பெண்டாவேலன்ட் ஊசி. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

மருமகளுக்கு வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதிகமாக இருந்தால் 28ஆவது வாரத்திலிருந்து கிருமியைக் கட்டுப்படுத்தும் டெனோஃபோவிர் மாத்திரை தருவோம்.

கீழாநெல்லியை நிறுத்திவிடுங்கள். உங்கள் நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற ப்ளம்பர்க், நம் சென்னை ஆய்வாளர்களோடு சேர்ந்து 1988இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது என்றது அது. படிக்கும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பிறகு வெளிநாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு அது வேண்டாம்.

உங்கள் மகன், நீங்கள், வீட்டில் எல்லோரும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். தொற்று இல்லாதவர்கள் உடனே ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று என மூன்று ஊசி போட்டுக்கொள்ளுங்கள். 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மையங்களில் சோதனையும் மாத்திரையும் இலவசம். பெரம்பூரிலிருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம்தான். இந்த வாரமே ரிப்போர்ட்டோடு அவளை அழைத்துப் போய் விசாரியுங்கள்.