ப்ராக்ஸி வைத்து ஏபிஐ அழைப்புகளைப் பார்ப்பது: கேள்வி பதில்

கேள்வி: சோப் (எக்ஸ்எம்எல் வடிவில் செய்தி பரிமாறும் முறை) சர்வீஸ் ஒன்று. போஸ்ட்மேனில் (ஏபிஐகளைச் சோதிக்கும் கருவி) 200, அதாவது வெற்றி என்று வருகிறது, அதே எக்ஸ்எம்எல்லை ஜாவா கோடில் இருந்து அனுப்பினால் 415. என்ன வித்தியாசம்?

பதில்: கோடில் நீங்கள் எழுதியது ஒன்று, லைப்ரரி வெளியே அனுப்பியது இன்னொன்று. இரண்டு அழைப்பையும் சார்லஸ் (ஆப்புக்கும் சர்வருக்கும் நடுவே நின்று அழைப்புகளைக் காட்டும் ப்ராக்ஸி கருவி) வழியாக விட்டு ஹெடர்களை வரிவரியாக ஒப்பிடுங்கள். 415 என்றால் அனுப்பிய தரவின் வகையை சர்வர் ஏற்கவில்லை, எனவே முதலில் பார்க்க வேண்டியது அந்த வகையைச் சொல்லும் கன்டென்ட் டைப் ஹெடர். சோப் 1.1 கேட்பது டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல், 1.2 கேட்பது அப்ளிகேஷன்/சோப்+எக்ஸ்எம்எல். இதே சிக்கலில் நான் இரண்டு நாள் கோடையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன், ப்ராக்ஸியைப் போட்டதும் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

கேள்வி: சார்லஸ் ஓடுகிறது, பிரவுசர் அழைப்புகள் தெரிகின்றன, ஜாவாவில் இருந்து ஒன்றும் வரவில்லையே சார்?

பதில்: ஜாவா தானாக சிஸ்டம் ப்ராக்ஸியை எடுத்துக்கொள்ளாது. ஜேவிஎம் (ஜாவா நிரலை இயக்கும் மென்பொருள்) தொடங்கும்போதே ப்ராக்ஸிஹோஸ்ட், ப்ராக்ஸிபோர்ட் கொடுக்க வேண்டும், அதுவும் ஹெச்டிடிபிக்குத் தனி, ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குத் தனி. சார்லஸுக்கு வழக்கமான போர்ட் 8888, அதே போன்ற இன்னொரு கருவியான மிட்ம்ப்ராக்ஸிக்கு 8080. லோக்கல்ஹோஸ்ட்டை, அதாவது உங்கள் கணினியையே அழைக்கிறீர்களா? அதை ஜாவா இயல்பாகவே ப்ராக்ஸிக்கு அனுப்பாது, ப்ராக்ஸி வழியாகப் போகாத முகவரிகளைச் சொல்லும் நான்ப்ராக்ஸிஹோஸ்ட்ஸ் மதிப்பைக் காலியாக வையுங்கள்.

கேள்வி: இப்போது வருகிறது, ஆனால் கனெக்ட் என்று ஒரு வரி மட்டும்தான்.

பதில்: கனெக்ட் என்பது சர்வருக்கு வழி திறக்கச் சொல்லும் வரி மட்டும், அதன் உள்ளே போவது என்க்ரிப்ட் (மறையாக்கம்) ஆனது, அதனால்தான். சார்லஸில் அந்த ஹோஸ்ட்டுக்கு எஸ்எஸ்எல் ப்ராக்ஸியிங்கை (மறையாக்கத்தைப் பிரித்துக் காட்டும் வசதி) இயக்குங்கள். அப்புறம் சார்லஸ் தன் சான்றிதழையே சர்வர் சான்றிதழ் போலக் காட்டும், அதற்குக் கையெழுத்திடும் மூலமான ரூட் சான்றிதழை ஜாவா நம்பினால்தான் அழைப்பு நடக்கும். ஜாவா பார்ப்பது, தான் நம்பும் சான்றிதழ்கள் இருக்கும் சிஏசெர்ட்ஸ் கோப்பை, ஜாவாவுடன் வரும் கீடூல் கருவியை வைத்து அதில் சேருங்கள். சான்றிதழ்ச் சோதனையையே கோடில் அணைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம். தற்காலிகம் என்று போட்ட அந்த வரி அப்படியே ப்ரொடக்‌ஷனுக்குப் போய்விடும்.

கேள்வி: ஆண்ட்ராய்டு ஆப்புக்கும் இதேதானா?

பதில்: ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் நிறுவிய சான்றிதழை ஆப்புகள் இயல்பாக நம்புவதில்லை. எந்தச் சான்றிதழை நம்புவது என்று ஆப்பில் சொல்லும் நெட்வொர்க் செக்யூரிட்டி கான்ஃபிக் கோப்பில் டீபக் பில்டுக்கு (சோதனைப் பதிப்பு) மட்டும் அனுமதி கொடுங்கள். ஐஃபோனில் சான்றிதழை நிறுவியது மட்டும் போதாது, செட்டிங்ஸில் ஜெனரல், அபௌட் என்று போய் முழு நம்பிக்கையையும் இயக்க வேண்டும்.

கேள்வி: ப்ராக்ஸி இருந்தால் வேலை செய்கிறது, எடுத்தால் தோற்கிறது!

பதில்: இது நல்ல தடயம். ப்ராக்ஸி இருக்கும்போது சர்வரோடு பேசுவது உங்கள் ஆப் இல்லை, ப்ராக்ஸி. டிஎல்எஸ் (ஹெச்டிடிபிஎஸ்ஸின் மறையாக்க முறை) பதிப்பும் கனெக்‌ஷனைத் திறந்து வைக்கும் விதமும் அதனுடையவை. எனவே ப்ராக்ஸியை எடுத்துவிட்டு வயர்ஷார்க்கில் (நெட்வொர்க்கில் போவதை அப்படியே பதிவு செய்யும் கருவி) டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக்கைப் (இணைப்பின் தொடக்க உரையாடல்) பாருங்கள், உங்கள் ஆப் அனுப்பும் முதல் செய்தியான கிளையன்ட் ஹலோவில் பழைய பதிப்பு மட்டும் இருக்கிறதா என்று.

கேள்வி: பிடித்த பதிவை இங்கே போடட்டுமா?

பதில்: உள்நுழைவு ரகசியங்கள் இருக்கும் ஆத்தரைசேஷன் ஹெடர், குக்கி இரண்டையும் நீக்கிவிட்டுப் போடுங்கள். வேலை முடிந்ததும் அந்த ரூட் சான்றிதழையும் எடுத்துவிடுங்கள்.