ஏர் ரைஃபிள் குண்டுகள் திடீரெனச் சிதறுவது ஏன்?

கும்பகோணத்தில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகும் உங்கள் மகளுக்கு, புது டப்பா பெல்லட் (சிறு ஈயக் குண்டு) வாங்கியதிலிருந்து குண்டுகள் ஒரே இடத்தில் விழுவதில்லை, துப்பாக்கி கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

துப்பாக்கியைக் கழற்ற வேண்டாம். பிள்ளையின் கையைக் குறை சொல்லவும் அவசரப்படாதீர்கள். முதலில் பெல்லட்டைப் பாருங்கள். அதன் தலைப்பகுதியின் விட்டம் 4.49, 4.50 மில்லிமீட்டர் என்று போட்டிப் பெல்லட் டப்பாக்களில் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். ஒரு பீப்பாய்க்கு ஒத்துவருவது இன்னொன்றுக்கு ஒத்துவராது. அளவு ஒன்றாக இருந்தாலும் லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) மாறினால் வித்தியாசம் வரலாம். பயிற்சியாளர் முன்னிலையில் ரைஃபிளை ஸ்டாண்டில் இறுக்கி, ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் பத்துப் பத்து சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நெருக்கமாக விழுவது எதுவோ, அந்த லாட்டையே மொத்தமாக வாங்கிவிடுங்கள். இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 0.5 மில்லிமீட்டர்தான், நூலிழை வித்தியாசமும் அங்கே தெரிந்துவிடும்.

அப்புறம் நம் டெல்டா ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடி சரியாக மூடாத டப்பாவில் ஈயம் வெள்ளை பூத்துவிடும். அவற்றையும், பின்விளிம்பு நசுங்கியவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். ஈயம் நஞ்சு, பயிற்சி முடிந்ததும் அவள் சோப்புப் போட்டுக் கை கழுவியே ஆக வேண்டும்.

இதற்கும் சரியாகவில்லை என்றால் பீப்பாய் அழுக்கு, தளர்ந்த திருகு, சிலிண்டரின் காற்றழுத்தம் ஆகியவற்றைப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.