சீரியல் போர்ட் தெரியவில்லையா? வேலூர் வட்டாரக் கேள்விகளும் பதில்களும்

வே பிரிட்ஜ் (லாரி எடை மேடை), ரத்தப் பரிசோதனை மெஷின், டேனரி (தோல் பதனிடும் ஆலை) தண்ணீர் மீட்டர், காலேஜ் பிராஜெக்ட் என்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் சீரியல் போர்ட், அதாவது கருவி தன் டேட்டாவைக் கம்ப்யூட்டருக்கு வரிசையாக அனுப்பும் வாய், இல்லாத தொழிலே இல்லை. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே வரிதான்: "லினக்ஸில் போர்ட் தெரியல." அந்த ஒரு வரிக்குள் வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும். சாதனம் யூஎஸ்பி வரைக்குமே வராமல் இருக்கலாம். வந்தும் டிரைவர் ஏறாமல் இருக்கலாம். டிரைவர் ஏறியும் உங்களுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். இல்லையென்றால் வேறொரு புரோகிராம் அதைப் பிடித்து வைத்திருக்கும்.

அதனால் கேட்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். டெர்மினலில் சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டு டிமெசேஜ் கட்டளையை மைனஸ் சின்ன டபிள்யூவோடு ஓடவிட்டு, அதன் பிறகு கேபிளைச் செருகுங்கள். அந்த நொடியில் கர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) சொல்வதை அப்படியே எழுதி அனுப்புங்கள். அதைப் பார்க்காமல் ஓஎஸ்ஸைத் திரும்பப் போடுவதும் புது கேபிள் வாங்குவதும் வீண் செலவு.

காட்பாடி, பொறியியல் மாணவர்: அண்ணா, உபுண்டு 22.04. ஆர்டுயினோ நானோ, லோக்கல் போர்டு. செருகினா டிடிஒய்-யூஎஸ்பி-0 ஒரு செகண்ட் வருது, உடனே காணாமப் போயிடுது. போர்டு போயிடுச்சா?

போர்டு நன்றாக இருக்கிறது தம்பி. உங்கள் போர்டில் இருப்பது யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் சிஎச்340 சிப். யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில் அதன் அடையாள எண் 1ஏ86:7523 என்று வரும். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் பிரெய்ல் காட்சிக் கருவிகள் சிலவற்றுக்கும் இதே எண்தான். உபுண்டு 22.04-இல் பிஆர்எல்டிடிஒய் என்ற பிரெய்ல் சேவை இந்த எண்ணைக் கண்டதும் "இது என் கருவி" என்று பிடித்துக்கொள்கிறது. டிரைவர் உருவாக்கிய டிடிஒய்-யூஎஸ்பி-0 என்ற போர்ட் உடனே கழன்றுவிடுகிறது. டிமெசேஜில் அந்தச் சேவையின் பெயர் வரும், அடுத்த வரியிலேயே "டிஸ்கனெக்டட்" என்றும் வரும்.

அந்தப் பொட்டலத்தை ஆப்ட் மூலம் நீக்கிவிட்டால் சரியாகும் என்று எல்லோரும் சொல்வார்கள். உங்கள் சொந்த லேப்டாப்பில் அப்படியே செய்யுங்கள். காலேஜ் லேபில் மட்டும் செய்யாதீர்கள். அங்கே பார்வையற்ற மாணவர் ஒருவர் வந்து உட்கார்ந்தால் அவருக்குத் திரையே அந்தச் சேவைதான். அதற்குப் பதிலாக 85-பிஆர்எல்டிடிஒய் என்ற யூடெவ் (செருகிய சாதனத்தைக் கவனித்துப் பெயர் தரும் சேவை) விதிக் கோப்பை ஈடிசி-க்குள் இருக்கும் யூடெவ் விதி அடைவுக்கு நகலெடுத்து, அந்த நகலில் 1ஏ86, 7523 வருகிற வரியை மட்டும் முடக்குங்கள். பிறகு யூடெவ் விதிகளை ரீலோடு செய்து, போர்டைக் கழற்றி மாட்டுங்கள். பிரெய்லும் இருக்கும், உங்கள் பிராஜெக்ட்டும் ஓடும்.

ராணிப்பேட்டை, டேனரி பராமரிப்புப் பிரிவு: சார், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இடத்துல பிஎச் மீட்டரும் ஃப்ளோ மீட்டரும் ஆர்எஸ்-485-ல (நீளமான கம்பியில போற சீரியல் முறை) இருக்கு. யூஎஸ்பி கன்வெர்ட்டர் போட்டு டெபியன் பெட்டியில படிக்கிறோம். டிரம் மோட்டார் ஆன் பண்ணும்போது சில நேரம் போர்ட் போயிடுது. ரீபூட் பண்ணாதான் வருது. டேட்டாவுல ஓட்டை விழுது, மேலிடத்துல கேள்வி கேக்கறாங்க.

கேட்கத்தான் செய்வார்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது நம் பாலாற்றங்கரை டேனரிகளின் கழிவுநீர் மாசைப் பற்றித்தான். அந்த மீட்டரில் விழுகிற ஒவ்வொரு எண்ணும் ஆற்றுக்கும் கிணற்றுக்கும் போகிற தண்ணீரின் கணக்கு. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் டிமெசேஜில் "டிசேபிள்டு பை ஹப்" என்று வந்து, அடைப்புக்குறிக்குள் "ஈஎம்ஐ" என்று கேள்விக்குறியோடு ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மின்காந்தக் குறுக்கீட்டைக் கர்னலே சந்தேகப்படுகிறது என்று பொருள். பெரிய மோட்டார் கிளம்பும்போது வருகிற அதிர்ச்சியில் யூஎஸ்பி இணைப்பு அறுந்து மறுபடி ஒட்டுகிறது. இது டிரைவர் பிரச்சினை அல்ல, வயரிங் பிரச்சினை. யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டரைத் தாண்டக்கூடாது. ஆர்எஸ்-485 கம்பி 1200 மீட்டர் வரை போகும். ஆகவே கன்வெர்ட்டரைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே வைத்து யூஎஸ்பி கேபிளைக் குட்டையாக்குங்கள், நீளத்தை 485 பக்கம் வையுங்கள். முறுக்கிய ஜோடிக் கம்பி, மேலே ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும், மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் ஓட வேண்டாம். லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். கன்வெர்ட்டர் ஐசொலேஷன் (இரு பக்க மின்சாரத்தையும் பிரித்து வைப்பது) உள்ளதாக இருக்க வேண்டும். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

அடுத்தது, ரீபூட் செய்தால்தான் வருகிறது என்கிறீர்களே, அதற்குக் காரணம் வேறு. இணைப்பு அறுந்தபோது உங்கள் புரோகிராம் பழைய டிடிஒய்-யூஎஸ்பி-0-ஐ மூடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயர் காலியாகாததால் சாதனம் திரும்பி வரும்போது டிடிஒய்-யூஎஸ்பி-1 ஆகிவிடுகிறது. போர்ட் வந்துவிட்டது, புரோகிராம்தான் பழைய இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறது. படிக்கும்போது பிழை வந்தால் உடனே மூடி, சில நொடி கழித்துத் திறக்கும்படி புரோகிராமை மாற்றச் சொல்லுங்கள். சாதனங்களின் பெயர்கள் இருக்கும் டெவ் அடைவின் சீரியல், பை-ஐடி என்ற உள் அடைவில் சாதனத்தின் சொந்தப் பெயரில் ஒரு இணைப்பு இருக்கும். அதைத் திறந்தால் எண் மாறினாலும் கவலையில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். மயிர் நீக்கச் சோடியம் சல்பைடு போடுகிற இடத்திலும் கழிவுநீர்த் தொட்டிப் பக்கத்திலும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். செம்பும் வெள்ளியும் அதில் கறுத்துப்போகும். கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் கறுப்பு படிந்திருக்கிறதா? அப்படியானால் புதுக் கனெக்டர் போட்டு, மொத்தத்தையும் ரப்பர் சீல் உள்ள பெட்டிக்குள் வையுங்கள்.

வாலாஜாபேட்டை, வே பிரிட்ஜ்: டெவ் உள்ள டிடிஒய்-எஸ்-0 முதல் 3 வரைக்கும் நாலும் இருக்கு சார். எதைத் திறந்தாலும் எடை வரல.

டெவ் அடைவில் பெயர் இருப்பதால் போர்ட் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். மதர்போர்டில் வரும் பழைய 8250 சிப் வகை போர்ட்களுக்கு லினக்ஸ் முன்கூட்டியே பெயர்களை வைத்துவிடும், பின்னால் சிப் இருக்கிறதோ இல்லையோ. புரோக் அடைவுக்குள் டிடிஒய், அதற்குள் டிரைவர், அதற்குள் சீரியல் என்று ஒரு கோப்பு இருக்கிறது. ரூட்டாகக் கேட் செய்து பாருங்கள். "யுஆர்ட் (சீரியல் சிப்): அன்நோன்" என்றால் அங்கே ஒன்றும் இல்லை. 16550ஏ என்றும் போர்ட் 3எஃப்8, ஐஆர்க்யூ 4 என்றும் வந்தால் உண்மையான முதல் போர்ட் அது. இரண்டாவது வழக்கமாக 2எஃப்8, ஐஆர்க்யூ 3.

நான்குமே அன்நோன் என்றால் பயாஸில் சீரியல் முடக்கப்பட்டிருக்கும், அங்கே இயக்குங்கள். 16550ஏ வந்தும் எடை வரவில்லை என்றால் அதே வரியில் ஆர்எக்ஸ் (உள்ளே வந்த எழுத்துகள்) என்ற எண்ணைக் கவனியுங்கள். உங்கள் எடை மென்பொருள் போர்ட்டைத் திறந்து வைத்திருக்கும்போது அந்த எண் ஏறினால் டேட்டா வருகிறது, வேகமோ பாரிட்டியோதான் (பிழை பார்க்கும் பிட்) தப்பு. ஏறவே இல்லையென்றால் கம்பியைச் சந்தேகப்படுங்கள். மதர்போர்டிலிருந்து பின்பக்கம் வரும் ரிப்பன் கேபிளில் இரண்டு விதப் பின் வரிசை உண்டு. பழைய பெட்டியிலிருந்து கழற்றி மாட்டிய பிராக்கெட் என்றால் அது இந்தப் போர்டுக்குப் பொருந்தாமல் போகலாம். ஒன்பது பின் கனெக்டரில் 2-ஐயும் 3-ஐயும் ஒரு கம்பியால் இணைத்து, மினிகாம் என்ற சீரியல் புரோகிராமில் டைப் செய்யுங்கள். அடித்த எழுத்து திரும்பி வந்தால் உங்கள் பெட்டி சுத்தம். அதன் பிறகு எடை காட்டும் இண்டிகேட்டர் பக்கம் போகலாம்.

எட்டு போர்ட் பிசிஐ கார்டு போட்டும் நான்குதான் தெரிகிறது என்று கேட்டிருந்த இன்னொருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கர்னல் எத்தனை போர்ட்டுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது என்பதே எல்லை. கர்னல் கட்டளை வரியில் 8250 மாட்யூலின் என்ஆர்-யுஆர்ட்ஸ் அளவைக் கூட்டிவிட்டு ரீபூட் செய்யுங்கள்.

குடியாத்தம்: பர்மிஷன் டினைடு. சூடோ போட்டா வேலை செய்யுது.

டெபியன், உபுண்டுவில் உங்கள் பயனரை டயல்-அவுட் குழுவில் சேருங்கள். ஆர்ச் லினக்ஸில் யூயூசிபி குழு. லாக்-அவுட் ஆகித் திரும்ப வந்தால்தான் பலிக்கும், புது டெர்மினல் திறந்தால் மட்டும் போதாது. போர்ட் கோப்புக்கு 777 (எல்லோருக்கும் முழு அனுமதி) கொடுக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், கழற்றி மாட்டினால் போய்விடும்.

வேலூர், சத்துவாச்சாரி, ரத்தப் பரிசோதனைக் கூடம்: எங்ககிட்ட ரெண்டு அனலைசர் சார், ரெண்டுக்கும் ஒரே மாதிரி கேபிள். கரண்ட் போய் வந்தா 0-வும் 1-ம் மாறிடுது. பேர வெச்சு எப்படிப் பிரிக்கறது?

இதை இன்றைக்கே சரிசெய்யுங்கள் அம்மா. ஒரு மெஷினின் முடிவு இன்னொன்றின் பெயரில் பதிவானால் பாதிக்கப்படுவது நோயாளி.

பை-ஐடி உங்களுக்கு உதவாது. சிஎச்340 போன்ற மலிவான கேபிள்களில் பெரும்பாலும் சீரியல் எண்ணே இருக்காது, இரண்டும் ஒரே பெயரில் வந்து ஒன்றை ஒன்று மறைக்கும். பக்கத்திலேயே பை-பாத் என்ற அடைவு இருக்கிறது. அதில் பெயர் சாதனத்துக்கு அல்ல, செருகும் துளைக்கு. எந்தத் துளையில் எந்த மெஷின் என்று முடிவு செய்து, துளைக்கு மேலேயும் கேபிளிலும் ஸ்டிக்கர் ஒட்டி, மென்பொருளில் அந்தப் பை-பாத் பெயரைக் கொடுங்கள். அடுத்த முறை கேபிள் வாங்கும்போது தனித்தனிச் சீரியல் எண் உள்ள எஃப்டிடிஐ நிறுவனச் சிப் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். மெஷின் தன் அடையாளத்தையும் டேட்டாவோடு அனுப்பினால் மென்பொருள் அதையும் சரிபார்க்கட்டும்.

பாகாயம்: எஃப்டிடிஐ கேபிள்தான், ஆனா எல்எஸ்யூஎஸ்பியில் 0403:0000 னு வருது. டிரைவர் ஏறல.

போலிச் சிப். 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர் ஒன்று போலிச் சிப்களின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கியது. அப்படி ஏதோ ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் இந்தக் கேபிள் மாட்டப்பட்டிருக்கிறது. பிறகு வந்த லினக்ஸ் கர்னல்கள் பூஜ்ய எண்ணையும் ஏற்றுக்கொள்கின்றன. உங்கள் கர்னல் மிகப் பழையது போலிருக்கிறது, அதைப் புதுப்பியுங்கள். போலி என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கியவரின் கருவியைச் செயலிழக்க வைத்தது நியாயம் இல்லை என்பதே என் கருத்து.

ஆம்பூர்: லினக்ஸ் இல்ல, ஃப்ரீபிஎஸ்டி ஓஎஸ் போட்டிருக்கேன். டிடிஒய்-யூ-0 இருக்கு, திறந்தா அப்படியே தொங்குது.

யூஎஸ்பி என்றால் பெரிய யூ போட்ட சிஊஏ-யூ-0 என்பதைத் திறங்கள். டிடிஒய் என்று தொடங்குவது உள்ளே வரும் அழைப்புக்கு. மறுமுனை கேரியர் சிக்னல் தரும்வரை காத்திருக்கும், அதைத்தான் தொங்குவது என்கிறீர்கள். சிஊஏ காத்திருக்காது. மதர்போர்டு போர்ட்டுக்குச் சின்ன யூ போட்ட சிஊஏ-யூ-0. பயனர் டயலர் குழுவில் இருக்க வேண்டும். ஓப்பன்பிஎஸ்டியிலும் இதே பிரிவு, குழுவும் டயலர்தான்.

ஆலங்காயம், பள்ளி ஆசிரியர்: காவலூர் தொலைநோக்கியைப் பார்த்து ஆசைப்பட்டு, பிள்ளைகளுக்காகச் சின்னத் தொலைநோக்கி வாங்கினோம். அதன் சீரியல் வயரை ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டின் 8, 10 பின்னில் கொடுக்கப் போகிறேன். ஆனால் போர்ட்டே தெரியவில்லை ஐயா.

வயரை இப்போதைக்கு மாட்டாதீர்கள் ஐயா. பையின் பின்கள் 3.3 வோல்ட்தான் தாங்கும். தொலைநோக்கியின் ஆர்எஸ்-232 சீரியல் லைன் அதைவிடப் பல மடங்கு வோல்ட்டில், மைனஸிலும் பிளஸிலும் ஆடும். நேராகக் கொடுத்தால் பை போய்விடும். நடுவில் வோல்ட்டை மாற்றித் தரும் மேக்ஸ்3232 சிப் உள்ள சின்ன போர்டு ஒன்று வேண்டும்.

போர்ட்டுக்கு ராஸ்பி-கான்ஃபிக்கில் சீரியல் பகுதிக்குப் போங்கள். லாகின் ஷெல் வேண்டாம் என்றும், ஹார்டுவேர் வேண்டும் என்றும் சொல்லி ரீபூட் செய்யுங்கள். ஷெல்லை நிறுத்தாவிட்டால் பையின் லாகின் எழுத்துகள் தொலைநோக்கிக்குக் கட்டளையாகப் போகும். பிறகு டெவ் அடைவில் சீரியல்0 என்ற பெயரைப் பயன்படுத்துங்கள். நல்ல போர்ட்டை ப்ளூடூத் எடுத்துக்கொள்வதால் உங்களுக்குக் கிடைப்பது மினி யுஆர்ட் என்ற எளிய போர்ட். பெரும்பாலான தொலைநோக்கி மவுண்ட்கள் (மோட்டார் உள்ள தாங்கிகள்) பேசும் 9600 வேகத்துக்கு அது போதும்.

2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிற மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஒரு தொலைநோக்கி என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. எங்கே நின்றாலும் எழுதுங்கள், முடியும்வரை கூட இருக்கிறேன்.

ஆற்காடு: ஆர்ச் லினக்ஸ். காலையில வேலை செஞ்ச கேபிள் மத்தியானம் இல்ல. எல்எஸ்யூஎஸ்பியில் தெரியுது, டிடிஒய் வரல. நடுவுல பேக்மேன் அப்டேட் மட்டும்தான் பண்ணேன்.

அப்டேட்டில் கர்னலும் மாறியிருக்கும். ஓடிக்கொண்டிருப்பது பழைய கர்னல், அதன் மாட்யூல்கள் (டிரைவர் கோப்புகள்) டிஸ்கிலிருந்து நீங்கிவிட்டன, அதனால் டிரைவரை ஏற்ற முடியவில்லை. ரீபூட் செய்யுங்கள், வந்துவிடும்.