வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆணுக்கு ஏன் இந்தக் கூச்சம்?

கேள்வி: குலசேகரம் பக்கம் எங்கள் ஊர். ரப்பர் பால்வெட்டு செய்துவந்தேன். மனைவி குவைத்தில் நர்ஸ். அம்மா படுக்கையில் விழுந்த பிறகு வேலையை விட்டுவிட்டு, அவரையும் இரண்டு பிள்ளைகளையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ‘பெண்டாட்டி காசில் சும்மா இருக்கான்’ என்று டீக்கடையில் என் காதுபடவே பேசுகிறார்கள். துவைத்த துணியை இருட்டிய பிறகே கொடியில் போடுகிறேன். பல மாதங்களாக உறக்கம் இல்லை. மனைவியிடம் சொல்லவும் கூச்சம். என்னிடம்தான் குறையா?
– ஒரு வாசகர், குமரி மாவட்டம்

பதில்: குறை உங்களிடம் இல்லை. அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து உடம்பு துடைப்பதையும் பிள்ளைகளுக்குச் சோறு கட்டுவதையும் உங்கள் மனைவி செய்திருந்தால் எவரும் கேலி பேசியிருக்க மாட்டார்கள். ‘அவள் வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்’ என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். அந்த வேலைக்கு மதிப்பில்லை என்று முன்பே முடிவுகட்டிவிட்ட ஊர், அதை ஓர் ஆண் செய்யும்போது அவனையும் மதிப்பற்றவனாக்குகிறது. மத்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். நீங்கள் அந்தச் சிறு கூட்டத்தில் இருப்பதால்தான் கண்ணில் படுகிறீர்கள்.

சம்பாதிப்பதுதான் ஆணின் கடமை என்பது ஆதிமுதல் மாறாமல் வந்த வழக்கம் என்பார்கள். உங்கள் மாவட்டத்திலேயே, நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் 1926இல் திருவிதாங்கூர் அரசு சட்டம் கொண்டுவரும் வரை மருமக்கள்வழி இருந்தது. சொத்து மகனைவிடச் சகோதரியின் மகனுக்கே உரியதாக இருந்தது. (அதனால் பெண்கள் சுகப்பட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அதிகாரம் குடும்பத்தின் மூத்த ஆணான காரணவரின் கையில்தான் இருந்தது.) தகப்பனுக்கும் மகனுக்கும் உள்ள உரிமையையே ஏறக்குறைய நூறாண்டுக்கு முன் மாற்றி எழுதிக்கொண்ட மண்ணில், யார் சமைப்பது, யார் சம்பாதிப்பது என்பது மட்டும் மாறாத விதியாக இருக்க முடியாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் உறக்கமின்மை. இந்தியாவில் 2021இல் தற்கொலையால் இறந்த 1,64,033 பேரில் 1,18,979 பேர் ஆண்கள். காரணங்கள் பல என்றாலும், உதவி கேட்பதே ஆணுக்கு இழுக்கு என்னும் வளர்ப்புக்கும் அதில் பங்குண்டு என்றே கருதுகிறேன். இது மனச்சோர்வா என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒருமுறை போய் வாருங்கள். அதற்கு முன்பே பேச வேண்டும் என்றிருந்தால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே கட்டணமின்றி அழைக்கலாம்.

மனைவியிடம் இந்த வாரமே சொல்லுங்கள். ‘பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படித்தான் வந்தாயோ’ என்று அவரிடமும் அங்கே யாராவது கேட்டுக்கொண்டிருக்கக் கூடும். அவரும் அதை உங்களிடம் மறைத்திருக்கலாம். பால்வெட்டுக்குத் திரும்ப உங்களுக்கே ஆசையிருந்தால் அதையும் சேர்த்துப் பேசி, அம்மாவுக்குத் துணை ஏற்பாடு செய்துகொண்டு போங்கள். ஊர்வாயை அடைப்பதற்காக மட்டும் போக வேண்டாம். நீங்கள் தோட்டத்தில் நிற்கும் விடியற்காலையில் அம்மாவின் பக்கத்தில் யார் இருப்பது என்று கேட்டால், டீக்கடையில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.