பிரித்தெடுத்த பாலத்துக்கு ஆற்றில் என்ன மிஞ்சும்?

பழைய பாலத்தையே பிரித்துவிட்டால் தொல்லியல் ஆய்வாளர்களுக்கு என்ன கிடைக்கும் என்பது உங்கள் கேள்வி. பிரிப்பவர்கள் மேல்தளத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். தண்ணீருக்கடியில் இருப்பதைத் தோண்ட யார் மெனக்கெடுவார்?

ஐரோப்பாவின் டான்யூப் ஆற்றில் ரோமப் பேரரசர் டிராஜன் கி.பி. 105-இல் கட்டி முடித்த பாலத்தைப் பாருங்கள். எதிரி கடந்து வந்துவிடுவான் என்ற பயத்தில், அடுத்து வந்த ஹாட்ரியன் அதன் மரத்தளத்தைக் கழற்றினார். தூண்கள் நின்றன. 1856-இல் நீர் வெகுவாக வற்றியபோது 20 தூண்களும் தெரிந்தன. அப்புறம் கப்பலுக்கு இடைஞ்சல் என்று 1906-இல் இரண்டை உடைத்தார்கள். 1982-இல் ஆய்வாளர்களுக்குச் சிக்கியவை 12 தூண்கள்தான்.

பாலத்தைத் தாங்க ஆற்றுப்படுகையில் ஊன்றிய மரக்கால்களும் தப்பும். சேற்றுக்குள் காற்று புகாததால் மக்காது. மரப்பட்டை ஒட்டியிருந்தால், மரத்துக்குள் ஆண்டுக்கு ஒன்றாக உருவாகும் வளையங்களை, ஆண்டு தெரிந்த மரங்களின் வளையங்களோடு ஒப்பிட்டு மரம் வெட்டிய ஆண்டையே சொல்லிவிடலாம்.